நிழற்படத்தில் நெய்தல்

பழந்தமிழ்ப் புலவர்கள் இயற்கையை இயற்கைக்காகவே பாடினாரல்லர் என்பது இலக்கியம் கற்போர் அறிந்த செய்தி. மலையும் காடும் வயலும் கடலும் அவர்தம் பாடல்களில் நிறைந்திருப்பினும், அவற்றிடையே மாந்தர் நெஞ்சம் ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். தொல்காப்பியம் பாடற்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். மாந்தரின் அக ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது அந்நூலின் கொள்கை.

இவ்வளவுகோலைப் பாட்டுக்கு மட்டுமே உரியதாக வைத்திருத்தல் வேண்டுமா என்பது கேட்கத்தக்க வினா. தமிழர் குடியேறி வாழும் சிங்கப்பூரும் பினாங்கும் தீவுகள். அவற்றைச் சூழ்ந்தும், தீபகற்பத்தின் இரு கரைகளை ஒட்டியும் சிறு தீவுகள் பல உள்ளன. இலக்கணத்தின் மொழியில் கூறினால் இவையெல்லாம் நெய்தல் நிலம். இந்நெய்தலை ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பாடியவர்களைவிடப் படமெடுத்தவர்களே மிகுதி. அஞ்சலட்டையிலும் நாட்காட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் மாணவர் காணும் தீவு, நிழற்படத் தீவுதான். அப்படங்களில் முதல் இருக்கிறது. கரு ஓரளவு இருக்கிறது. உரி இருக்கிறதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

படக்கருவி வந்த வரலாறு

பாரிசு நகரில் 1839ஆம் ஆண்டு டாகேரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1844இல், ழூல் இத்தியே என்னும் பிரெஞ்சுச் சுங்க அதிகாரி சிங்கப்பூருக்கு வந்து, இன்று கென்னிங் கோட்டைக் குன்று எனப்படும் அன்றைய அரசாங்கக் குன்றின் மீதிருந்து ஆற்றையும் படகுத்துறையையும் படமெடுத்தார். எஞ்சியிருக்கும் மிகப் பழைய சிங்கப்பூர்ப் படங்களுள் அது ஒன்று. 1862இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் வந்து சிங்கப்பூரில் நிலையம் அமைத்தார். பினாங்கிலும் பல மாதங்கள் தங்கினார். 1867இல் லாம்பர்ட் என்னும் செருமானியர் சிங்கப்பூரில் தொடங்கிய நிலையம், பின்னர் இவ்வட்டாரக் காட்சிப் படங்களை ஆயிரக்கணக்கில் விற்கும் நிறுவனமாக வளர்ந்தது.

தாம்சன் காலத்துப் படக்கலை எளிய தொழிலன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தினுள் கழுவுதல் வேண்டும். வெப்பநாட்டு வெயிலில் ஈரம் விரைந்து உலரும். ஆதலின் கூடாரம், புட்டிகள், தகடுகள், நன்னீர் யாவும் கலைஞருடன் காட்டுக்கும் கரைக்கும் செல்ல வேண்டியிருந்தது. அவற்றைச் சுமக்கவும் கழுவவும் துணைவர் தேவைப்பட்டனர். பினாங்கில் சீனர் அப்பணிக்கு வர மறுத்தமையால், சென்னையிலிருந்து வந்த இருவரைப் பழக்கித் துணைக்கு வைத்துக்கொண்டதைத் தாம்சன் 1875இல் வெளியிட்ட தம் நூலில் குறிப்பிடுகிறார். இத்தீவுகளின் தொடக்கக் காலப் படங்கள் சிலவற்றில் தென்னிந்தியக் கைகளின் உழைப்பும் கலந்திருக்கிறது. படத்தின் அழகைப் பார்ப்போர் அக்கைகளை நினைப்பதில்லை.

அத்தகட்டின் இயல்பொன்று இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. அது நீல ஒளியை மிகுதியாக ஏற்றது. பச்சையைக் குறைவாகவே ஏற்றது. அதனால் நீல வானமும் அதில் மிதந்த மேகமும் ஒரே வெண்மையாய் வெளுத்துப்போயின. இலைகளோ வேறுபாடின்றிக் கருத்துப்போயின. வெப்பநாட்டுத் தீவின் பெருஞ்செல்வங்கள் பசுமையும் மேகமும். அவ்விரண்டையுமே அத்தகடு சரியாகக் காணவில்லை. வெறுமையான வானத்தை நிரப்ப, வேறொரு தகட்டில் எடுத்த மேகத்தைச் சேர்த்து அச்சிடும் வழக்கமும் அந்நூற்றாண்டில் இருந்தது. ஓரிடத்து மேகம் வேறோரிடத்து வானில் மிதந்தது.

மற்றொன்று பொழுதைப் பற்றியது. ஒரு படம் பதியப் பல விநாடிகள் ஆயின. அதற்குள் அலைகள் பனிபோல் கலைந்தன. அசைந்த ஓலை மங்கியது. நடந்தவன் நிழலாகத் தேய்ந்தான், அல்லது அடியோடு மறைந்தான். படகு வலித்தவனும் மூட்டை சுமந்தவனும் வலை இழுத்தவனும் படத்தில் பதிய வேண்டுமானால் தம் தொழிலை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும். உழைத்தவன் மறைந்தான், ஓய்ந்து நின்றவன் நிலைத்தான். இது கலைஞர் செய்த குற்றமன்று. வேதியியல் விதித்த எல்லை.

இருபதாம் நூற்றாண்டில் அவ்வெல்லை நீங்கியது. எல்லா நிறத்தையும் ஏற்கும் சுருள்கள் வந்தன. இமைப்பொழுதில் படமெடுக்கும் கருவிகள் வந்தன. பின்னர் வண்ணமும் வந்தது. ஆயினும் ஆளில்லாத கரை மட்டும் நீங்கவில்லை. கருவியின் குறையாகத் தொடங்கியது சுவையாக மாறிவிட்டது. திறனாய்வு இங்கேதான் தொடங்குதல் வேண்டும். முன்னோர் காட்ட இயலாமையால் காட்டாததைப் பின்னோர் விரும்பாமையால் காட்டவில்லை.

தென்னையும் புன்னையும்

தீவுப் படம் என்றதும் நினைவுக்கு வருவது, கடலை நோக்கிச் சாய்ந்த தென்னையும் வெண்மணலும் அந்திச் சிவப்புமே. இவற்றுள் தென்னையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கரைகளில் தென்னை காட்டுமரமன்று. மனிதன் நட்ட மரம். சிங்கப்பூரின் காத்தோங் கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நின்ற தென்னைகள் தோட்டத் தென்னைகள். அவற்றுக்குக் குழி தோண்டியவரும் காய் பறித்தவரும் உண்டு. அஞ்சலட்டையோ தோட்டத்தைச் சோலையாக்கி, மனிதன் கால் படாத இயற்கை என்று விற்றது. கருப்பொருளில் மரத்தை ஏற்றுத் தொழிலைத் தள்ளியதன் விளைவு இது.

தள்ளப்பட்டவை வேறும் உள. மலாக்கா நீரிணையின் கரைகளில் இயல்பாக மிகுந்திருப்பது வெண்மணலன்று. சேறும் அலையாத்திக் காடுமே. கேத்தாம் தீவின் மீனவர் குடில்கள் சேற்றில் கால் ஊன்றி நிற்கின்றன. ஜொகூரின் குக்குப் தீவு முழுதும் அலையாத்தி. சங்கப் புலவர் இம்மரத்தைக் கண்டல் என்று அறிந்திருந்தனர். தாழையோடும் புன்னையோடும் அதனையும் நெய்தலுக்கு உரியதாக்கினர். சேற்றில் வேரூன்றிய மரத்தையும் அழகென்று கண்ட மரபு அது. நாட்காட்டிப் படமோ சேற்றை அழகின் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது.

புன்னையின் செய்தி இன்னும் சுவையானது. பினாங்கில் ஜோர்ஜ் டவுன் நகரம் எழுந்த முனைக்கு மலாய் மக்கள் வழங்கிய பழைய பெயர் தஞ்சோங் பெனாகா. பெனாகா என்பது புன்னை. புன்னை முனையில் இறங்கிய தமிழருள் அதனை அறிந்தவர் எத்துணைப் பேர்? அத்தீவின் காட்சிப் படங்களில் தென்னையைத் தேடுவோர் பலர். புன்னையைத் தேடுவோர் அரியர்.

பொழுதிலும் இத்தகைய குறைவு உண்டு. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் ஆகிய கீழைக்கரைத் தீவுகளில் ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று கடுமையாக வீசும். கடல் கொந்தளிக்கும், படகுப் போக்குவரத்துக் குறையும், விடுதிகள் பல மூடப்படும். படமெடுப்போரும் அப்போது செல்வதில்லை. ஆகவே அத்தீவுகளின் படங்களில் என்றும் ஒரே பருவம். என்றும் அமைதிக் கடல். அங்கு வாழும் மீனவரின் ஆண்டில் ஒரு பகுதி படங்களில் இல்லவே இல்லை.

இரங்கல் எங்கே?

நெய்தலுக்கு உரிய சிறுபொழுது கதிரவன் சாயும் எற்பாடு. படக்கலைஞர் விரும்புவதும் அப்பொழுதே. நண்பகலில் உச்சி வெயில் நிழலைக் கறுப்பாக்கி நிறத்தை வெளுக்கச் செய்யும். சாயுங்காலத்தில் ஒளி பொன்னாகும். எனவே அந்திக் கடற்கரைப் படம் ஒவ்வொன்றும் நெய்தலின் முதற்பொருளை முழுமையாகப் பெற்றிருக்கிறது. ஆயின் நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பிரிந்தவன் வாராமையால் வருந்தும் ஒருத்தி இல்லையேல், சங்கப் புலவர்க்கு அந்தி வெறும் நிறமே.

இத்தீவுகளில் இரங்கல் இல்லாமலில்லை. பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவு, கடலிலிருந்து காண்போர்க்குப் பச்சைக் குன்று ஒன்று நீரில் அமர்ந்தது போல் தோன்றும். அது தொழுநோயாளரைத் தனித்து வைத்த இடம். கப்பலில் வந்த குடியேறிகளைத் தடுத்து வைத்த தொற்றுநோய்த் தடுப்பு முகாம். 1969 முதல் 1993 வரை சிறை. சிங்கப்பூரின் செயின்ட் ஜான் தீவிலும் 1874 முதல் அத்தகைய தடுப்பு முகாம் இருந்தது. நாகையிலும் சென்னையிலும் கப்பலேறி, தட்டில் படுத்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் புது நாட்டில் முதன்முதல் கால் வைத்த மண் இத்தகைய தீவின் மண்ணே. அவர்களும் அங்கே அந்தியைக் கண்டனர்; அதே பொன்னொளியையும் அதே கடலையும் கண்டனர். அக்கடலுக்கு அப்பால் அவர்கள் விட்டு வந்த வீடு இருந்தது. அத்தீவை எழிற்காட்சியாக மட்டும் காட்டும் படம் பொய் சொல்லவில்லை. ஆனால் உரியை விட்டுவிட்டு முதலை மட்டும் சொல்கிறது.

மறைந்த கரைகளின் கதையும் இத்தகையதே. சிங்கப்பூர்க் கிழக்குக் கரையில் 1966இல் தொடங்கிய கடல் நிரவும் பணி, பழைய கடற்கரையை உள்நாட்டுச் சாலையோரமாக்கிற்று. விடுதலை பெற்றபோது ஏறத்தாழ 580 சதுரக் கிலோமீட்டராக இருந்த நாட்டின் பரப்பு இன்று 730ஐக் கடந்துவிட்டது. பிளாக்காங் மாத்தி என்னும் தீவு செந்தோசா எனப் பெயர் மாறி உல்லாசத் தீவாயிற்று. செக்கிங் தீவின் மலாய் மீனவர் 1994இல் இறுதியாக வெளியேறினர். அத்தீவு செமாக்காவ் குப்பை நிரப்பு நிலத்துடன் இணைந்தது. தேவை கருதி நாடு செய்த செயல்கள் இவை. அவற்றின் நன்மையை மறுத்தல் இயலாது. எனினும் அக்கரைகள் இன்று நிழற்படத்தில் மட்டுமே உள்ளன. ஒருகாலத்தில் வெறும் அழகுப் படமாக விற்கப்பட்டது இன்று சான்றாவணமாகிவிட்டது. ஆனால் அதில் யார் வாழ்ந்தார், எத்தொழில் செய்தார், எம்மரத்தடியில் வலை உலர்த்தினார் என்பன இல்லையெனில் அச்சான்று பாதி ஊமை.

இறைச்சி உள்ள படம்

ஆளில்லாத படம் அனைத்தும் தாழ்ந்தது என்னும் முடிவுக்கு வருதல் பிழையாகும். இயற்கைக் காட்சிக்கும் தனித்து நிற்கும் உரிமை உண்டு. எல்லாப் படத்திலும் ஒருவரை நிறுத்திவைத்தல் நாடகமாகும் என்று வாதிடுவோர் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. அக்காலப் படங்கள் பலவற்றில் பெருமரத்தின் அடியில் ஒரு கூலியாள் நிற்பதைக் காணலாம். மரத்தின் உயரத்தை அளக்க அவன் நிறுத்தப்பட்டான். அவன் படத்தில் இருக்கிறான். ஆயினும் அங்கே உரிப்பொருள் இல்லை, அளவுகோல் ஒன்றே இருக்கிறது. எனவே ஆள் இருத்தலும் இல்லாமையும் தம்மளவில் சிறப்போ குறையோ ஆகா.

இச்சிக்கலுக்குத் தமிழ் மரபே விடை வைத்திருக்கிறது. கருப்பொருளின் வழியே சொல்லாத பொருளை உணர்த்துதலை இறைச்சி என்றும் உள்ளுறை என்றும் இலக்கணம் பேசுகிறது. தலைவி தன் துயரைச் சொல்லாமல் கரையில் தனித்து நிற்கும் நாரையைச் சொல்லலாம்; கேட்போர் துயரை உணர்வர். படமும் அவ்வாறு பேச வல்லது. கரையேற்றிய படகு, உலரும் வலை, நீரில் இறங்கும் மரப்படிகள், கைவிடப்பட்ட கிணறு ஆகியவற்றுள் ஒன்று போதும். முகம் இல்லாமலே மாந்தர் அங்கு இருப்பர். அப்படி எடுப்பதற்குக் கலைஞர் அந்நிலத்தை அறிந்திருத்தல் வேண்டும். நாரையை அறியாதவன் நாரையால் பேச இயலாது. எங்கு எவர் இறங்கினர் என்றறியாதவன் ஜெரெஜாக்கைப் பச்சைக் குன்றாகவே காண்பான். குறை வெறுமையில் இல்லை, அறியாமையில் இருக்கிறது.

தாம்சனுக்கு உரிய சிறப்பும் இங்கேயே. அயலவர் பார்வையின் ஏற்றத்தாழ்வுகள் அவரிடமும் உண்டு. எனினும் அவர் படத்தோடு நின்றாரல்லர். கண்ட மக்களையும் தொழில்களையும், தம் துணைவரையுங்கூட எழுத்தில் பதித்தார். படம் விட்டதை எழுத்து நிரப்பிற்று. இடப்பெயர் மட்டும் தாங்கிப் பின்னர் வந்த அஞ்சலட்டைகளில் அவ்விணைப்பு அறுந்துபோயிற்று.

இன்று படக்கருவி ஒவ்வொரு மாணவர் கையிலும் கைப்பேசியாக இருக்கிறது. பள்ளி விடுமுறையில் லங்காவிக்கும் தியோமானுக்கும் சென்றுவருவோர் நூற்றுக்கணக்கில் படங்களுடன் திரும்புகின்றனர். தமிழாசிரியர் அவற்றை வகுப்பறைக்குள் வரவேற்கலாம். அகத்திணை கற்பிக்கும் நாளில், மாணவர் எடுத்த படத்தின் கீழ் மூன்று வரி எழுதச் சொல்லலாம்: இது எந்நிலம், எப்பொழுது, இங்குள்ள மரம் எது, தொழில் எது, இங்கே மகிழ்ந்தவர் யார், வருந்தியவர் யார். முதல் வரியை எல்லாரும் எழுதிவிடுவர். இரண்டாம் வரிக்குப் படகோட்டியிடம் ஒரு கேள்வி கேட்டிருத்தல் வேண்டும். மூன்றாம் வரிக்கு வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ செல்ல நேரும். தம் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தனர், எத்தீவில் தடுத்து வைக்கப்பட்டனர் என்பதைச் சிலர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்பர். அவ்வரி எழுதப்பட்ட பின் அதே படத்தை மீண்டும் பார்க்கும் மாணவன், முன்பு கண்ட அந்திக் கரையில் நெய்தலைக் காண்பான்.