துப்பாக்கிக்கு அடங்காத பேய்

டெக்ஸ் வில்லரைத் தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் ‘இரவுக் கழுகார்’ என்று உரிமையோடு கூப்பிடுகிறார்கள். 1948இல் இத்தாலியில் போனெல்லியும் கலெப்பினியும் படைத்த கௌபாய் இவர். சிவகாசியின் லயன் காமிக்ஸ் எண்பதுகளிலேயே நமக்கு அறிமுகப்படுத்தியது. இவருடைய பரம வைரி மெபிஸ்டோ, முதலில் வெறும் மேடை மாயக்காரன். பிற்பாடு நிஜமாகவே மாந்திரீகம் கைவந்தவனாகிறான்.

சிக்கல் அங்கேதான். துணிச்சலும் குறிதவறாத துப்பாக்கியும் இருந்தால் எதையும் தீர்த்துவிடலாம் என்று கௌபாய்க் கதை வாக்குக் கொடுக்கிறது. பேய்க் கதையோ எதுவும் பலிக்காது என்று மிரட்டுகிறது. இரண்டில் ஒன்று தோற்றாக வேண்டும். டெக்ஸ் கதைகளில் தோற்பது பேய். பக்கம் பக்கமாகப் பயமுறுத்திய சூனியக்காரன் கடைசியில் விரட்டிப் பிடிக்கிற ஆளாகச் சுருங்கிவிடுகிறான். விறுவிறுப்புக்குக் குறைவில்லை, கிலிதான் தங்குவதில்லை. (டெக்ஸின் கூட்டாளி கார்சனின் புலம்பலுக்காகவே படிக்கலாம், அது வேறு விஷயம்.)

எழுத்தாளர் மன்ஃப்ரெடி 1997இல் தொடங்கிய ‘மேஜிக் விண்ட்’ காமிக்ஸ் ஒரு படி மேல்; தமிழிலும் வந்தது. ரயில் வெடிப்பில் மூளையில் உலோகத்துண்டு தைத்து நினைவிழந்த நெட் எல்லிஸை ஒரு சியூ பழங்குடிப் பூசாரி பிழைக்கவைக்கிறார். அதன்பின் அவனுக்குக் காட்சிகள் தெரிகின்றன. இருப்புப்பாதைக்காகப் பறிபோன நிலத்திலிருந்து எழும் ஆவிகளைச் சுட்டுத் தள்ள முடியாது. ஆனாலும் பழங்குடிகள் வெள்ளைக்கார நாயகனுக்கு மந்திரம் சப்ளை செய்பவர்களாக நின்றுவிடுவது உறுத்துகிறது.

கௌபாய்க் கதையிலிருந்து நம் சினிமா கடன் வாங்கியது தொப்பியைத்தான். கர்ணனின் ‘கங்கா’ (1972) முதல் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) வரை குதிரை வந்தது, மண் வரவில்லை. மண்ணுக்கா பஞ்சம்? பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற மரக்காணத்தைப் பாருங்கள். கழுவேலி ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நிழலுக்கு ஒரு மரமில்லாத உப்பளம். வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறார்கள். பொழுது ஏறினால் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். ஐப்பசி மழை பிடித்தால் பிழைப்பு நின்றுபோகும். டெக்சாஸ் எதற்கு?

இரவில் குதிரையேறி எல்லையைக் காக்கும் ஐயனாரும் நம்மிடம் உண்டு. அவர் அடிப்பது தப்புச் செய்தவனை. ஆகவே அச்சம் பாத்தியில் நிற்பவருக்கு வராது, கூலியில் கைவைப்பவனுக்கு வரும். அதிலும் ஓர் இடைஞ்சல்: சாமியே கணக்கை முடித்துவிட்டால் நாயகனுக்கு என்ன வேலை? மெபிஸ்டோவைத் துரத்த டெக்ஸுக்காவது நூறு பக்கம் கிடைத்தது.