சாரலில் ஒரு கடைவீதி

குற்றாலநாதர் கோயிலை ஒட்டி, பேரருவிக்குப் போகும் கடைவீதியில் ஈரத் துண்டோடு நடப்பதே தனி சுகம். ஆனி, ஆடிச் சாரலில் தார்ப்பாய்கள் படபடக்கும். அருவியின் இரைச்சல் பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். மங்குஸ்தான், ரம்புட்டான் குவியல்களைத் தாண்டினால் தேங்காயெண்ணெய் வாசம் ஆளை நிறுத்திவிடும்.

சிப்ஸ் போடுபவரின் கையைப் பார்க்கத்தான் நான் நிற்பேன். கொதிக்கும் எண்ணெய்க்கு நேர் மேலே சீவல் கட்டையைப் பிடித்து, நேந்திரங்காயைச் சரசரவென்று தேய்க்கிறார். ஒன்றோடொன்று ஒட்டாமல் வில்லைகள் விழுகின்றன. உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி விட்டதும் வாணலி சீறி எழுகிறது. அவர் அவசரப்படுவதில்லை, சீறல் அடங்கி, கலகலவென்று சத்தம் மாறும்வரை காத்திருக்கிறார். கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறார். காகிதப் பொட்டலம் உள்ளங்கையைச் சுட, ஈர விரலால் முதல் வில்லையை எடுக்கிறேன்.