கேப் திராட்சைத் தோட்டங்களில் கல்யாண வீடியோ

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பக்கம், பழைய ஒயின் பண்ணைகளில் எடுத்த கல்யாண வீடியோக்களை நாலைந்து சேர்த்துப் பாருங்க. எல்லாம் ஒரே அச்சு. ட்ரோன் மேலே எழும்பும். கீழே திராட்சைக் கொடிகள், வளைந்த முகப்புள்ள வெள்ளை மாளிகை, சாயங்கால வெயிலில் ஜோடி. அழகாத்தான் இருக்கு.

ஆனா இந்த வீடியோக்கள் கட்டடத்தின் வயசை மட்டும் எடுத்துக்கிட்டு, அதன் கதையை விட்டுடுது. க்ரூட் கான்ஸ்டன்ஷியா பண்ணை 1685-ல் தொடங்கியது. அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். கேப்பில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1834-ல்தான். அதற்குப் பிறகும் நான்கு வருஷம் ‘பயிற்சி’ என்ற பேரில் பழைய எஜமானிடமே வேலை. டச்சுக் கம்பெனி அடிமைகளைக் கப்பலேற்றிய இடங்களில் நம்ம சோழமண்டலக் கரையும் ஒன்று.

அவர்களை வேலைக்குக் கூப்பிட்ட மணி சில பண்ணைகளில் இன்னும் நிற்குது. கேமராவுக்கு அது வெறும் பின்னணி.

கல்யாண வீடியோ ஆவணப்படம் இல்லை, சரி. ஆனால் பழமையைக் காட்டித்தானே அந்த இடத்தையே வாடகைக்கு விடறாங்க? மணியைக் காட்டும்போது, அது என்ன மணி என்று திரையில் ஒரு வரி போட்டால் போதும். கல்யாணக் களை ஒன்றும் குறையாது.