சுத்தமாத் துடைச்சாச்சு!

எஸ்.எஸ்.டி. போட்டவர்கள் எல்லாரும் வேகத்தைப் பற்றியே பேசுவார்கள். பட்டனை அமுக்கினேன், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் திரை வந்து நின்றது, அது இது என்று. நானும் பேசினேன், தெருவில் போகிறவரை நிறுத்திப் பேசாத குறை. ஆனால் அசல் குஷி அதுக்கு அப்புறம்தான் சார் இருக்கு! புது டிரைவுக்கு மாறிய பிறகும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கால் நீட்டிப் படுத்திருக்கிற பழைய விண்டோஸைக் கிளப்பி அனுப்புகிற நிமிஷம் இருக்கிறதே, அதை அனுபவிக்காதவர் எஸ்.எஸ்.டி.யில் பாதியைத்தான் அனுபவித்தவர். சத்தியமாகச் சொல்கிறேன்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததல்லவா, அதுதான் எனக்குக் கிடைத்த சாக்கு. 500 ஜி.பி. என்.வி.எம்.இ. ஒன்று வாங்கினேன். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியவில்லை. 1956-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது, அத்தனையும் சேர்ந்து கொள்ளளவு 5 எம்.பி.யைத் தாண்டாது, இது விரல் நீளத்துக்குள் 500 ஜி.பி.! தோஷிபாவில் உட்கார்ந்து ஃபிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்த ஃபுஜியோ மசுவோகாவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுத்தான் திருகாணியை முடுக்கினேன். விண்டோஸ் 11-ஐ அதில் புதுசாக ஏற்றினேன். பறந்தது.

ஆனால் ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் ஒரு நீலத் திரை. விண்டோஸ் 11 வேணுமா, விண்டோஸ் 10 வேணுமா? 30 விநாடி எண்ணிக்கொண்டு நிற்கும். பக்கத்து அறையில் படுத்திருக்கும் பழைய சொந்தக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் நம்மை உள்ளே விடுமாம்!

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது, கவனமாகக் கேளுங்க. பலரும் என்ன செய்வார்கள்? பழைய டிஸ்க்கைத் திறந்து விண்டோஸ் ஃபோல்டரைப் பிடித்து டெலீட் அமுக்குவார்கள். 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்று ஒருவர் வந்து அனுமதி இல்லை என்பார். கோபத்தில் மொத்தத்தையும் அழித்துவிட்டால், அடுத்த தடவை கறுப்புத் திரை, கம்ப்யூட்டர் கிளம்பாது. ஏன் தெரியுமா? இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது புது விண்டோஸை ஏற்றினால், அது தன் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கிற ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனிலேயே கொண்டுபோய் வைத்துவிடும். வெறும் 100 எம்.பி. இடம் அது! புது வீட்டில் குடியிருக்கிறோம், வாசல் சாவி பழைய வீட்டு ஆணியில் தொங்குகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தேன், புது டிரைவில் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனே இல்லை, பழையதில்தான் இருக்கிறது. அந்த நீல மெனுவே அதற்குச் சாட்சி என்று புரிந்தபோது நான் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். இந்த வயசில் செய்கிற காரியமா? செய்தேன்.

முதல் வேலையாகப் போட்டோக்கள், கடிதங்கள், பிரவுசர் புக்மார்க் ஒளிந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர் வரைக்கும் வேறொரு டிஸ்க்கில் நகல். அது பொறுமை சோதிக்கும் வேலை, விடுங்க. அப்புறம் புது டிரைவின் சி-யிலிருந்து 260 எம்.பி. கிள்ளி, டிஸ்க்பார்ட்டில் அதை ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனாக்கி, ஃபேட்32-வில் ஃபார்மேட் செய்து, எஸ் என்று பெயர் வைத்து, பி.சி.டி.பூட் கட்டளையைக் கொடுத்தேன். பூட் ஃபைல்கள் உருவாகிவிட்டன என்று ஒற்றை வரி வந்தது. அவ்வளவுதான்! எனக்கோ உடம்பெல்லாம் புல்லரிப்பு.

இப்ப கற்பனை பண்ணிப் பாருங்க. கம்ப்யூட்டரை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைத் தேடிப் பிடித்து, பிளாஸ்டிக் கொக்கியை அமுக்கி மெல்ல இழுக்கிறேன், கை நடுங்குகிறது, 'க்ளிக்' என்கிறது, பவர் கேபிளும் வந்துவிட்டது, இனி இந்த மெஷினில் இருப்பது அந்தக் குட்டித் துண்டு மட்டும்தான், கிளம்பினால் கிளம்பியது, இல்லையென்றால் இல்லை, சுவிட்சைப் போடுகிறேன், பட்டனை அமுக்குகிறேன், 7,200 சுற்றில் சுழல்கிற அந்தப் பழைய 'கர்ர்ர்' இல்லை, ஃபேன் மட்டும் லேசாக மூச்சு விடுகிறது, மதர்போர்டு கம்பெனியின் முத்திரை வருகிறது, நான் மூச்சே விடவில்லை, நீலத் திரை வரவில்லை, 30 விநாடி எண்ணிக்கை இல்லை, எது வேணும் என்று யாரும் கேட்கவில்லை, நேரே, நேரோ நேரே, பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி! "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்த மனைவி, "யாருங்க வந்தது?" என்றாள். விளக்கினேன், ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். "அது எப்பவும் வர்றதுதானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். போகட்டும், எனக்குக் கண்ணில் தண்ணீர்.

மறுபடி அணைத்து, பழைய டிஸ்க்கை மாட்டி, பயாஸில் புது டிரைவை முதலில் வைத்துவிட்டு, டிஸ்க்பார்ட்டுக்குள் நுழைந்தேன். 'லிஸ்ட் டிஸ்க்'. ஒன்று 931 ஜி.பி., ஒன்று 465 ஜி.பி. (1 டி.பி. என்று விற்பதை விண்டோஸ் 931 என்றுதான் காட்டும், பயப்படாதீங்க). 931-ஐத் தேர்ந்தெடுத்து மறுபடி லிஸ்ட் போட்டால் அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். அந்த நட்சத்திரத்தைப் பார்க்காமல் மேலே போகவே கூடாது, ஏனென்றால் அடுத்த கட்டளை 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. 'கிளீன்'. எண்டர். ஒரு விநாடி ஆகியிருக்குமா? பார்ட்டிஷன், ரெகவரி, பழைய பூட், வருஷக்கணக்கில் சேர்ந்த குப்பை, எல்லாம் போயே போச்சு! அந்தக் கறுப்பு ஜன்னலில் வெற்றிச் செய்தி வந்ததும் தனி ஆளாகக் கைதட்டினேன்.

ஒரு சின்னக் குறை உண்டு. 'கிளீன்' பார்ட்டிஷன் விவரங்களைத்தான் துடைக்கும், உள்ளே இருக்கிற தகவல் மேலெழுதப்படும் வரை தேடினால் கிடைக்கும். டிஸ்க்கை விற்கப் போகிறவர் 'கிளீன் ஆல்' போட வேண்டும், அது ஒவ்வொரு செக்டராகப் பூஜ்ஜியம் எழுதி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். நான் விற்கப் போவதில்லை. ஜி.பி.டி.யாகத் துவக்கி, என்.டி.எஃப்.எஸ்.ஸில் ஃபார்மேட் செய்து, 'களஞ்சியம்' என்று பெயரும் வைத்தாயிற்று. திஸ் பி.சி.யைத் திறந்தால் அந்த நீளமான காலிப் பட்டை! வேலை எதுவும் இல்லாமலே திறந்து திறந்து பார்க்கிறேன்.

மச்சானுக்குப் போன் போட்டு ஆதியோடந்தமாகச் சொன்னேன். பாதியில் குறுக்கிட்டு, "அத்தான், நம்ம வீட்டுலயும் ஆன் பண்ணினா அந்த மாதிரி ரெண்டு பேர் காட்டுதே" என்றான். ஞாயிற்றுக்கிழமை வரேன், யாரும் எதையும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டேன். ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் இப்போதே பைக்குள்.