நிறுத்தும் அதிகாரம் யாரிடம்?

திட்டமிடு, செய், சரிபார், திருத்து. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானில் எடுத்த வகுப்புகளிலிருந்து கிளைத்தது இந்த நான்கு படிச் சுழற்சி. தமிழ்நாட்டுக்கும் இது பழகியதுதான். சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, இந்தியாவிலேயே முதலாவதாக 1998இல் டெமிங் பரிசை வென்றது.

இதன் பலத்தை மென்பொருள் துறையில் கண்கூடாகப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வேலையை வாடிக்கையாளரிடம் காட்டினால், கேட்டது ஒன்று செய்தது வேறு என்பது எட்டாம் மாதம் வரை காத்திருக்காமல் அப்போதே தெரிந்துவிடும். அந்த நிலையில் திருத்தச் செலவு மிகக் குறைவு.

ஆனால் பெரும்பாலான அலுவலகங்களில் சுழற்சி மூன்றாம் படியிலேயே நின்றுவிடுகிறது. ஸ்பிரிண்ட் எனும் இரண்டு வாரச் சுற்று முடிந்ததும் ரெட்ரோ எனும் மறுஆய்வுக் கூட்டம் நடக்கும். "டெஸ்டிங்குக்கு நேரம் போதவில்லை" என்று ஒருவர் சொல்வார். அது எக்செல் ஷீட்டில் ஏறும். அடுத்த கூட்டத்திலும் அதே வரி ஏறும். ரிலீஸ் தேதியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் அந்த அறையில் இருக்கும் யாருக்கும் கிடையாது.

இங்கேதான் டொயோட்டாவைக் கவனிக்க வேண்டும். அங்கே பழுதைக் கண்ட தொழிலாளி தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுப்பார். குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசை நிற்கும். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலையை, 1984இல் டொயோட்டாவும் அந்நிறுவனமும் கூட்டாகத் திறந்தன. பெரும்பாலும் பழைய தொழிலாளர்களே திரும்பி வந்தார்கள். தரமோ வெகுவாக உயர்ந்தது. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையை வான் நைஸ் ஆலையில் புகுத்திப் பார்த்தது. அது வேரூன்றவில்லை, 1992இல் அந்த ஆலையே மூடப்பட்டது. கயிற்றைக் கட்டிவிடலாம். அதை இழுப்பவரைத் திட்டாத மேலாளரை உருவாக்குவதுதான் கடினம்.

இந்தச் சுழற்சிக்கு இன்னொரு குறையும் உண்டு. தொழிற்சாலையில் ஒரே பாகம் ஆயிரம் முறை வார்க்கப்படுவதால் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடிகிறது. பாலத்துக்கு அடித்தளம் ஒரு முறைதான். வரைபட ஒப்புதல், கான்கிரீட் பரிசோதனை போலத் திரும்பத் திரும்ப வரும் வேலைகளை இந்தச் சுழற்சி சீராக்கும். பாலம் அந்த இடத்தில் தேவையா என்று அது தானாகக் கேட்காது. அதைத் தொடக்கத்திலேயே தனியாகக் கேட்டாக வேண்டும்.

திட்டத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மறுஆய்வுக் கூட்டத்துக்கு முன், வேலையை நிறுத்தும் உரிமை யாருக்கு என்று எழுத்தில் கொடுங்கள். அவர் நிறுத்தும் முதல் நாளில் அவர் பக்கம் நில்லுங்கள்.