வீட்டுக்கு ஒரு சங்கீத சர்வர்

நம் பத்திரிகைகளில் சங்கீத விமரிசனத்துக்குப் பஞ்சமில்லை. பாடகரின் சாரீரத்தைப் பற்றி எழுதுகிறோம். பக்கவாத்தியத்தைப் பற்றி எழுதுகிறோம். சபாவின் கான்டீனைப் பற்றிக்கூட நாலு வரி எழுதத் தவறுவதில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் சபாவில் கேட்கிற சங்கீதத்தைவிட வீட்டில் ஏதோ ஒரு பெட்டியின் மூலம் கேட்கிற சங்கீதம்தான் அதிகம். அந்தப் பெட்டிக்கு விமரிசகர் கிடையாது. விற்கிறவர்கள் புகழ்கிறார்கள், வாங்குகிறவர்கள் நம்புகிறார்கள்.

இப்போது பலர் வாங்க ஆசைப்படும் பெட்டிக்கு 'மியூஸிக் சர்வர்' என்று பெயர். சர்வர் என்றால் நமக்கு ஹோட்டலில் தோசை கொண்டுவருகிறவர்தான் ஞாபகம் வரும். அந்த ஞாபகத்தை விரட்ட வேண்டாம். இங்கும் வேலை அதுதான். வீட்டில் உள்ள பாட்டையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து, அதை ஒரு சின்னக் கம்ப்யூட்டரோடு பிணைத்து, ஒரு மூலையில் வைத்துவிடுவது. கூடத்தில் இருப்பவர் தோடி கேட்டால் தோடி. சமையலறையில் இருப்பவர் பழைய சினிமாப் பாட்டுக் கேட்டால் அது. வைஃபை வழியாக அவரவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பரிமாற வேண்டும். நல்ல சர்வருக்கு என்ன லட்சணம்? ஓசைப்படாமல் வரவேண்டும், கேட்டதைக் கொண்டுவர வேண்டும், சமையலில் தலையிடக் கூடாது.

பொத்தேரியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சுமார் முந்நூறு காஸெட்டுகள் இருக்கின்றன. பாதிக்குமேல் ரேடியோவிலிருந்து பதிவு செய்த கச்சேரிகள். மீதியில் ஒன்று, அவருடைய தங்கை ஒரு நவராத்திரியின்போது கொலுவின் முன்னால் உட்கார்ந்து பாடியது. அந்தத் தங்கை இப்போது இல்லை. "சார், எந்த மிஷினை வாங்கலாம்? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று அவர் கேட்டதிலிருந்துதான் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்தது.

முதலில் வேகம் என்ற மாயையை ஒழித்துவிடலாம். கடைக்காரர் எடுத்ததும் சொல்வது வேகத்தைத்தான். குறுந்தட்டின் தரத்தில் ஒலி என்பது, ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதிய எண்கள். அதைச் சுருக்காமல் அனுப்பினாலும் விநாடிக்கு 1,411 கிலோபிட்தான். சாதாரண வீட்டு வைஃபை இதைப்போல் பத்து மடங்கைச் சிரமமில்லாமல் சுமக்கும். பாட்டைப் பரிமாறுவது கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையே அல்ல. புத்தம்புதிய, மிக வேகமான யந்திரத்தை இதற்காக வாங்குவது, தெருமுனைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிவர லாரி அமர்த்துவதைப் போன்றது.

வேகத்தைத் தள்ளிவிட்டால், வேட்பாளர்களை அமைதியாகப் பரிசீலிக்கலாம்.

முதல் வேட்பாளர், பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப். காசு செலவில்லை என்பார்கள். அது சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். அந்த இரண்டு மாதத்துக்குச் சர்க்கார் நமக்கு இலவசமாகத் தருவதே 100 யூனிட்தான். போதாததற்கு அதன் விசிறி. ராத்திரி பத்து மணிக்கு மேல் ரயில் சத்தமும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சலும் கொஞ்சம் அடங்கி, ஓர் ஆலாபனை கீழ் ஸ்தாயியில் மெல்லப் புறப்படும்போது, தம்புராவுக்குப் போட்டியாக இந்த விசிறி சுருதி சேராமல் ரீங்காரம் செய்யும். இவரை வணங்கி அனுப்பிவிடலாம்.

இரண்டாமவர், பழைய லாப்டாப். 2011-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத வீடுகளிலும் ஒன்று இருக்கிறது. இவர் மின்சாரம் குறைவாகச் சாப்பிடுவார். கரண்ட் போனால் தம் பேட்டரியில் சற்று நேரம் தாக்குப்பிடிப்பார். ஆனால் நம் ஊர் வெயிலில் வருஷக்கணக்காக ஓயாமல் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பிக்கொள்ளும், அது அபாயம். அடிக்கடி கவனிக்க ஆள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

மூன்றாமவர், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்ப்பெரி பை. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கவென்று இங்கிலாந்தில் 2012-இல் பிறந்தது. நம் ரிச்சி தெருவிலும் கிடைக்கிறது. சுமார் 5 வாட். இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட். நாலாவது தலைமுறைப் பலகையே பாட்டுக்கு மிகையானது. விசிறி இல்லாமலும் ஓடும். 2023-இல் வந்த ஐந்தாவது தலைமுறை வேகமானதுதான், ஆனால் சூடும் அதிகம். இயர்போன் துளையையும் எடுத்துவிட்டார்கள். எதுவானாலும் ஒலிபெருக்கியை நேராகப் பலகையில் செருகாமல், எண்களை ஒலியாக மாற்றும் டி.ஏ.சி. என்ற சிறு துணைக்கருவியை நடுவில் வைப்பது நல்லது. ஒரு குறை உண்டு. இதன் மூளை ஒரு நகத்தளவு மெமரி கார்டில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுப்போகலாம். ஆகையால் கார்டில் பாட்டை வைக்கக் கூடாது. தனி டிஸ்க்கில் வைக்க வேண்டும். கார்டு போனால் இன்னொரு கார்டு, பாட்டு பிழைத்துக்கொள்ளும்.

நாலாமவர் பணக்காரர்: இரண்டு டிஸ்க் பூட்டிய 'நாஸ்' பெட்டி. ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும் என்பது உண்மை. அதனால் எல்லா ஆபத்துக்கும் காப்பு என்று நினைப்பது உண்மையல்ல. பேரன் தவறி ஒரு பாட்டை அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து எரியும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, மேஜைக்கு அடியில் எத்தனை பெட்டி இருந்தது என்று எண்ணிப் பார்த்துவிட்டா புகுந்தது?

இந்த வரிசையில் சேராதவர் ஒருவர் உண்டு. 2017-இல் சரிகம கம்பெனி கொண்டுவந்த கேரவான். நாய் கேட்கும் படம் போட்ட ஹெச்.எம்.வி. இசைத்தட்டு வெளியிட்ட பரம்பரை. பழைய ரேடியோவைப் போன்ற தோற்றம். உள்ளே 5,000 பாட்டு. இதைச் சிலர் ஏளனம் செய்கிறார்கள். நான் செய்யமாட்டேன். எழுபது வயதுப் பாட்டி கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் குமிழைத் திருப்பினால் பாடுகிறது. பெரிய பெரிய சர்வர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். பிள்ளை அமெரிக்காவுக்குப் போனதும், அவன் அமைத்துக் கொடுத்த யந்திரத்தில் பாட்டு வைக்கத் தெரியாமல் தவிக்கும் பெற்றோர் நம்மிடையே எத்தனை பேர்! ஆனால் அந்த ஐயாயிரமும் கம்பெனி பொறுக்கியது. பொத்தேரித் தங்கையின் பாட்டு அதில் வராது. மாதச் சந்தா கட்டிக் கேட்கும் எந்தச் சேவையிலும் வராது. வீட்டுக்கு ஒரு சர்வர் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் நண்பரின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முந்நூறு காஸெட், தலைக்கு ஒன்றரை மணி என்றால் 450 மணி நேரம். சுருக்காமலே வைத்தாலும் ஒரு மணிக்கு 635 மெகாபைட். மொத்தம் 286 ஜிகாபைட். ஃபிளாக் என்ற முறையில், ஒலியில் ஓர் அணுவும் குறையாமல், இன்னும் கணிசமாகச் சுருக்கலாம். ஒரு டெராபைட் டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. இடம் மலிவு. ஆனால் காஸெட்டை அவசரப்படுத்த முடியாது. ஒன்றரை மணி நேரப் பாட்டை ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஓடத்தான் வேண்டும். தினம் இரண்டு மணி என்று வைத்தால் 225 நாள். டிஸ்க் போனால் போவது சில ஆயிரம் ரூபாய் அல்ல. ஒரு மனிதரின் 225 நாள். அதற்குள் நாடா நைந்துவிட்டிருந்தால் அந்த நாட்களைக் கொடுத்தாலும் பாட்டுத் திரும்பாது.

ஆகவே, எந்த சர்வர் என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. நாடாவை வாசிக்கப்போகிற டேப்ரிகார்டர் எப்படி இருக்கிறது? அதன் தலையைத் துடைத்தாயிற்றா? தளர்ந்த ரப்பர் பெல்ட்டை மாற்றியாயிற்றா? சாரீரத்தின் கார்வை அங்கே போய்விட்டால், எவ்வளவு விலையுயர்ந்த சர்வரும் போனதைப் பரிமாற முடியாது. அடுத்தது: இரண்டாவது டிஸ்க் எங்கே இருக்கிறது? அதே அலமாரியில் என்றால் அது இரண்டாவதே அல்ல. திருச்சியில் இருக்கும் மகள் வீட்டில் என்றால், அது இரண்டாவது.

கம்பெனிகளின் ஆயுளையும் நினைக்க வேண்டும். ஸ்குவீஸ்பாக்ஸ் என்று ஒரு கருவி, 2003-இல் வந்தது. வீட்டு சங்கீத சர்வருக்கு வழிகாட்டிகளில் ஒன்று. 2006-இல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2012-இல் கருவியை நிறுத்திவிட்டது. வாங்கியவர்கள் அநாதைகளாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சர்வர் மென்பொருள் எல்லோருக்கும் திறந்ததாக இருந்தபடியால் ரசிகர்களே அதை வளர்த்தார்கள். 2024-இல் லிரியன் என்று பெயர் மாறி இன்றும் ஓடுகிறது. ராஸ்ப்பெரி பையிலும் ஓடும். பாட்டை ஒரு கம்பெனியின் பூட்டுக்குள் வைக்காமல், எந்த யந்திரமும் படிக்கிற கோப்பாக வைத்தால், பெட்டி செத்தாலும் பாட்டு விதவையாகாது.

பொத்தேரி நண்பருக்கு நான் சொன்னது சுருக்கமானது. மலிவான, விசிறியில்லாத சின்னப் பெட்டி போதும். அதில் மிச்சமாகும் பணத்தில் டேப்ரிகார்டரைப் பழுது பாருங்கள். ஒன்றுக்கு இரண்டாக டிஸ்க் வாங்குங்கள். வீட்டு அம்மாள் தம் கையால் பாட்டு வைக்கும் வரை சொல்லிக் கொடுங்கள். ஏற்றுகிற வேலையைத் தங்கையின் காஸெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். செம்பை வைத்தியநாத பாகவதரின் பாட்டு உலகத்தில் வேறு எங்காவது ஒரு பிரதி இருக்கும். அவளுடையதுக்கு வேறு பிரதி இல்லை.