ஆற்றிய டீயின் நுரை

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வந்ததும் கால் தானாக டீக்கடைப் பக்கம் திரும்பும். மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றித் தரும் டீயில் எனக்குப் பிடித்தது மேலே நிற்கிற நுரைதான். அதற்குள் இருப்பது வெறும் காற்று. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். பாலின் புரதம் குமிழியைச் சுற்றிப் படலம் கட்டி, சீக்கிரம் உடையாமல் காக்கிறது.

கின்னஸ் பீர் ஆலைக்கு இப்படியொரு நுரையை வாங்கித் தந்தவர் கணிதம் படித்த மைக்கேல் ஆஷ். 1959-இல் ஸ்டவுட் பீரில் நைட்ரஜன் புகுந்தது. (மலை சுற்றும் வழியில் பீர்ப் பேச்சா என்று முறைக்காதீர்கள், பேச்சு நுரையைப் பற்றித்தான்.) ஸ்டவுட்டை வீட்டில் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கும் சிலிண்டரில் 75 பங்கு நைட்ரஜன், 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு. நைட்ரஜன் திரவத்தில் லேசில் கரையாது. அழுத்தம் கொடுத்துச் சிறு துளைகள் வழியே தள்ளினால் பொடிப்பொடிக் குமிழியாகப் பிரியும். நைட்ரஜன் மட்டும் போதாது, பானம் சப்பென்றாகிவிடும். அதே அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடை மட்டும் ஏற்றினால் சோடாவாகப் பொங்கும். சுருக்கென்பது கோலி சோடாவுக்கு அழகு, ஸ்டவுட்டுக்கு அல்ல.

மாஸ்டருக்குச் சிலிண்டர் செலவில்லை. கிளாஸ் கைக்கு வந்ததும் நுரையை ஊதி ஒதுக்காதீர்கள்; முதல் வாயை அதோடு சேர்த்தே குடியுங்கள்.